மூச்சின் கடிவாளம்

கோவிட் பரவிய 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் வெப்பமானி இல்லாமல்கூட இருந்திருக்கலாம், பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லாமல் இல்லை. விரல் நுனியில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 97, 96 என்று காட்டும். 80 காட்டிய வீடுகளும் இருந்தன. உடனே வேறு விரலில் மாட்டிப் பார்ப்பார்கள், பேட்டரியை மாற்றுவார்கள், பக்கத்து வீட்டுக் கருவியை இரவல் வாங்குவார்கள். காரணம், அந்த விரலுக்குரியவர் கட்டிலில் சாய்ந்தபடி போனில் பேசிக்கொண்டிருப்பார். “எனக்கு ஒண்ணுமில்ல, எதுக்கு இப்படிப் பதறுறீங்க?” என்று கடிந்துகொள்வார். அப்படிச் சொன்னவர்களில் சிலர் மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள்.

மருத்துவர்கள் இதை ‘சைலன்ட் ஹைபாக்சியா’ என்றார்கள். பத்திரிகைகள் ‘ஹேப்பி ஹைபாக்சியா’ ஆக்கின. அதில் மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்பது பெயர் வைத்தவர்களுக்கே வெளிச்சம். ரத்தத்தில் ஆக்சிஜன் இவ்வளவு குறைந்தும் மூச்சு முட்டவில்லை என்றால், மூச்சைக் கண்காணிக்கும் மூளைக்கே ஏதோ ஆகியிருக்க வேண்டும் என்ற ஐயம் இயல்பாக எழுந்தது. சீனாவையும் ஜப்பானையும் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் 2020 பிப்ரவரியிலேயே இதை ஒரு கருதுகோளாக எழுதிவிட்டார்கள்: புதிய வைரஸ் நரம்புகளின் வழியே மூளைத்தண்டுக்குப் போய், மூச்சை நடத்தும் மையத்தை முடக்குகிறதோ?

இது ஆதாரமே இல்லாத கற்பனை அல்ல. 2003இல் பரவிய பழைய சார்ஸ் வைரஸை, அது பற்றிக்கொள்ளும் மனித ஏசிஇ2 புரதம் பொருத்தப்பட்ட எலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. வைரஸ் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் ஏறியது, மூளைத்தண்டு நரம்பணுக்கள் செத்தன, நுரையீரலில் பெரிய சேதம் இல்லாமலே எலிகள் இறந்தன. எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்குமா என்பதே கேள்வி. கோவிட் ஓய்ந்த பிறகு கையில் இருக்கும் ஆதாரங்களை அடுக்கிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது: மூளை பாதிக்கப்படுவது உண்மை, ஆனால் அதற்கு வைரஸ் மூளைக்குள் நுழைய வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

முதலில் கடிவாளம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இதயம் தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நுரையீரலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உதரவிதானத்தை இழுத்துவிடும் ஒவ்வொரு கட்டளையும் பிடரிக்கு உள்ளே, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து வர வேண்டும். அங்கே தாளம் போடும் சிறு நரம்பணுக் கூட்டத்தை 1991இல் ஜாக் ஃபெல்ட்மன், ஜெஃப்ரி ஸ்மித் குழுவினர் அடையாளம் காட்டினார்கள். அதன் பெயர் பிரீ-பாட்ஸிங்கர் தொகுதி. ஏதோ பெரிய விஞ்ஞானியின் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியில் ஒரு மாநாட்டு விருந்தில் மேசை மேல் இருந்த ஒயின் புட்டியின் பெயர் அது.

தாளக்காரருக்குக் காதும் வேண்டும். முகுளத்திலேயே கரியமில வாயுவின் அளவை நுகரும் அணுக்கள் உள்ளன. சாதாரண நேரத்தில் நாம் எவ்வளவு மூச்சுவிட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஆக்சிஜன் அல்ல, இந்தக் கரியமில வாயுதான் என்று ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இலேயே காட்டிவிட்டார்கள். ஆக்சிஜனைக் கவனிக்கும் பொறுப்பு கழுத்தில், மூளைக்குச் செல்லும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள கரோடிட் அணுத்திரளுக்கு. அளவில் அரிசி மணிதான். அதன் வேலையைக் கண்டறிந்த பெல்ஜியத்தின் கார்னீல் ஹைமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அங்கிருந்தும் தொண்டை, நுரையீரலிலிருந்தும் முகுளத்துக்குச் செய்தி கொண்டுபோகும் கம்பிகள் ஒன்பதாம், பத்தாம் கபால நரம்புகள். உணரும் இடம், கம்பி, மையம் என்ற மூன்றில் எது கெட்டாலும் மூச்சின் கணக்கு தவறும். பேச்செல்லாம் மையத்தைப் பற்றியே நடந்ததுதான் இந்த விவாதத்தின் முதல் கோணல்.

வைரஸ் மையத்தையே தாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஐயத்துக்கு இடமில்லாத சாட்சி உண்டு. 1952 கோடையின் இறுதியில் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. போலியோ சுவாச வைரஸ் அல்ல, வாய் வழியாகக் குடலுக்குப் போவது. ஆனால் அந்த அலையில் வந்தவர்களில் பலருக்கு முகுளத்தையே அது பிடித்திருந்தது. பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் மூன்று வாரங்களில் மூச்சு முடங்கிச் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அவர்களின் ரத்தத்தில் பைகார்பனேட் எகிறியிருப்பதைப் பார்த்த மருத்துவர்கள், காரணம் புரியாத காரத்தன்மை என்று தலையைச் சொறிந்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சென் வந்து, இது வெளியேற வழியில்லாமல் தேங்கிய கரியமில வாயுவின் விளைவு என்றார். ஆகஸ்ட் 27ஆம் தேதி 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயில் துளையிட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்துக் காட்டினார். அவள் பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு, இரவு பகலாக நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது அந்த வார்டில்தான்.

இந்தக் கதையில் நமக்கு வேண்டியது ஒரு தடயம். மூச்சு மையம் கெட்டால் மூச்சு குறையும், கரியமில வாயு தேங்கும். பிறவியிலேயே பாக்ஸ்2பி என்ற மரபணு பழுதாகி, தூங்கியதும் மூச்சுவிட மறந்துபோகும் குழந்தைகளிடமும் இதே தடயம்தான். கோவிட் நோயாளிகளிடம் நடந்ததோ நேர் எதிர். அவர்கள் மூச்சுத்திணறவில்லை என்று சொன்னார்களே தவிர, நிமிடத்துக்கு 25, 30 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பலரின் ரத்தத்தில் கரியமில வாயு இயல்பைவிடக் குறைவாகவே இருந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்கள் கருவியை மீறி அவ்வளவு பலமாக இழுத்ததால், நுரையீரல் கிழிந்துவிடுமோ என்று மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். தாளக்காரர் தூங்கவில்லை, இரட்டை வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். ‘வைரஸ் மூச்சு மையத்தை முடக்கிவிட்டது’ என்ற வாதம் பெரும்பாலான நோயாளிகளைப் பொறுத்தவரை இங்கேயே நொண்டத் தொடங்குகிறது.

அப்படியானால் மூச்சு ஏன் முட்டவில்லை? அமெரிக்க நுரையீரல் மருத்துவர் மார்ட்டின் டோபின் 2020இல் சொன்ன பதில், புதிய மர்மம் எதையும் தேடாமல் பழைய உடலியங்கியலை எடுத்துப் படியுங்கள் என்பது. மூச்சுமுட்டல் என்ற உணர்வைப் பெரும்பாலும் எழுப்புவது கரியமில வாயுவின் உயர்வு. கோவிட் நுரையீரல் தொடக்கத்தில் ஆக்சிஜனை உள்ளே விடத் தடுமாறினாலும் கரியமில வாயுவை வெளியேற்றிக்கொண்டுதான் இருந்தது. கழுத்து அணுத்திரளோ, தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 60 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்கிய பிறகே உரக்கக் கத்தும். கரியமில வாயு குறைந்திருந்தால் அந்தக் கத்தலும் எடுபடாது. முதியவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் அது முன்பே மங்கியிருக்கும்.

ஆக்சிஜன் குறைவு வலிக்காது என்பதை உயிரைக் கொடுத்து நிரூபித்தவர்கள் உண்டு. 1875 ஏப்ரல் 15 அன்று ஸெனித் என்ற பலூனில் பாரிஸிலிருந்து மூன்று பிரெஞ்சுக்காரர்கள் மேலேறினார்கள். 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். கூடையில் ஆக்சிஜன் பைகள் இருந்தன. கையை நீட்டி எடுக்க வேண்டும் என்ற எண்ணமே மரத்துப்போயிருந்தது. பலூன் கீழே வந்தபோது காஸ்தோன் திஸாந்தியே மட்டும் உயிரோடு இருந்தார். வேதனை எதுவும் தெரியவில்லை, உள்ளுக்குள் ஒரு குதூகலம்தான் இருந்தது என்று அவர் பின்னர் எழுதினார். நம் காலத்தில், எவரெஸ்ட்டின் 8,400 மீட்டர் உயரத்தில் நான்கு மலையேறிகளின் தமனி ரத்தத்தை எடுத்து அளந்த குழுவினர் 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஆக்சிஜன் அழுத்தத்தின் சராசரி 24.6. கடல்மட்டத்தில் நமக்கு அது 100க்குப் பக்கத்தில் இருக்கும். அவர்கள் நடந்துதான் இறங்கினார்கள். 80 காட்டிய விரலோடு போனில் பேசியவர் இந்த வரிசையில் வருபவர்.

ஆக்சிமீட்டர் கருவியையும் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அஓயாகி 1974இல் உருவாக்கிய தத்துவத்தில் இயங்குவது அது. உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார் என்பது விதியின் விசித்திரம். ஆனால் 80க்குக் கீழே கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை. தோலின் நிறமும் அதைக் குழப்பும். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் உண்மையில் 88க்குக் கீழே இருந்த நேர்வுகள் வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். கருவி பிறந்த நாட்டின் தோலும் நம் தோலும் ஒன்றல்ல. நம்மூரில் இது போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

டோபின் சொல்வதோடு கதை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. கரோடிட் அணுத்திரளில் வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் இருப்பதை ஸ்பெயினின் செவில் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். உணரும் இடத்திலேயே கோளாறு என்ற இந்த வாதத்தை நான் ஒதுக்க மாட்டேன். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜப்பானில் ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை என்று இந்த அணுத்திரளை ஆயிரக்கணக்கானோருக்கு வெட்டி எடுத்தார்கள். இரண்டு பக்கமும் இழந்தவர்கள் ஓய்வில் இயல்பாகவே மூச்சுவிட்டார்கள், ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் அவர்களுக்கு உறைக்கவில்லை. சைலன்ட் ஹைபாக்சியாவின் ஒரு பங்கு இப்படி வந்திருக்க இடமுண்டு. முழுக் காரணம் இதுதான் என்று சொல்ல ஆதாரம் போதாது.

மையத்தை நேராகத் திறந்து பார்த்தவர்கள் பிணக்கூறு ஆய்வாளர்கள். ஹாம்பர்க் நகரில் இறந்த 43 பேரின் மூளைகளை ஆராய்ந்த முடிவு 2020 இறுதியில் வெளியானது. சோதித்த 40 பேரில் 21 பேரிடம் வைரஸின் மரபுப்பொருளோ புரதமோ கிடைத்தது. மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் ஒன்பதாம், பத்தாம் நரம்புகளிலும் தடயம் இருந்தது. பரபரப்பான செய்திதான். அடுத்த வரியைத்தான் பலர் படிக்கவில்லை: வைரஸ் இருந்ததற்கும் மூளையில் தெரிந்த சேதத்தின் அளவுக்கும் தொடர்பு இல்லை. வைரஸ் இல்லாத மூளைகளிலும் காவல் அணுக்களான மைக்ரோகிளியா கொதித்துக்கொண்டிருந்தன, அதிலும் மூளைத்தண்டில் அதிகமாக. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 41 மூளைகளைப் பார்த்தவர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். வைரஸ் சொற்பம், அழற்சியும் ஆக்சிஜன் பஞ்சத்தின் தழும்புகளும் மிகுதி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் குழு, மூளைத்தண்டிலும் வாசனைக் குமிழிலும் நுண் ரத்தக்குழாய்கள் கசிந்திருப்பதைக் கண்டது. அங்கே வைரஸ் கிடைக்கவே இல்லை.

மூக்கு வழி என்ன ஆயிற்று? வாசனை தெரியாமல் போனதைக் காட்டி, ‘பாருங்கள், வைரஸ் மூளைக்கு ஏறுகிறது’ என்றவர்கள் ஏராளம். வாசனை நரம்பணுக்களில் அந்த வைரஸுக்கு வேண்டிய ஏசிஇ2 கதவு அநேகமாக இல்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களில்தான் இருக்கிறது. பந்தலின் கால் சாய்ந்தால் கொடியும் விழும். இறந்தவர்களின் மூக்குத் திசுவைச் சில மணி நேரத்துக்குள் எடுத்துச் சோதித்த பெல்ஜிய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2021இல் இதை உறுதிப்படுத்தினார்கள். அந்த எலிகளின் கதை பெரும்பாலும் எலிகளோடு நின்றது.

வைரஸ் நுழையாமல் மூளை எப்படிக் கெடும் என்று கேட்கலாம். எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை கோவிட்டில் இல்லை, கைக்குழந்தைகளிடம் இருக்கிறது.

ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸ் 1956இல் சளி பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் முதலில் கண்டறியப்பட்டது. பெரியவர்களுக்கு அது வெறும் ஜலதோஷம். பிறந்து ஓரிரு மாதமே ஆன குழந்தைகளுக்கு, குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, அது வேறொன்றும் செய்யும்: மூச்சு திடீரென்று பத்து, இருபது விநாடி நின்றுவிடும். சில குழந்தைகளுக்கு இருமல், இளைப்பு எதுவும் வருவதற்கு முன்பே இதுதான் முதல் அறிகுறி. நுரையீரலில் அடைப்பு ஏற்பட்டு நிற்பதல்ல இது, கட்டளை வராமல் நிற்பது. சில நாளில் தானாகச் சரியாகியும்விடும். நரம்பணுக்கள் செத்திருந்தால் அப்படிச் சரியாகாது.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ஹெர்லேனியஸ் குழுவினர் 2007இல் இதன் வேதியியலைப் பிரித்துக் காட்டினார்கள். தொற்று ஏற்பட்டதும் உடல் சுரக்கும் இன்டர்லூகின் என்ற எச்சரிக்கைப் பொருள், மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரைத் தட்டுகிறது. சுவரிலுள்ள அணுக்கள் புரோஸ்டாகிளாண்டின் ஈ2வைத் தயாரித்து உள்ளே விடுகின்றன. அது முகுளத்தின் தாளக்காரரை மந்தப்படுத்துகிறது. காய்ச்சலை உண்டாக்குவதும் இதே பொருள்தான். இதய நோயுடன் பிறந்த சிசுக்களுக்கு இதன் நெருங்கிய உறவான ஈ1ஐ மருந்தாகக் கொடுக்கும்போது சிலருக்கு மூச்சு நிற்பதைச் சிசுநல மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். நெருப்பு அடுத்த வீட்டில், புகை நம் வீட்டில். அது போதும்.

அந்தப் புகை ரத்தத்தின் வழியே மட்டும் வருவதில்லை என்று 2023இல் ஹார்வர்டின் ஸ்டீஃபன் லிபர்லெஸ் குழு காட்டியது. இன்ஃப்ளூயன்சா தொற்றிய எலிகளின் தொண்டைப் பக்கத்தில் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2வை, ஒன்பதாம் நரம்பைச் சேர்ந்த ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் மோப்பம் பிடித்து நேரே மூளைத்தண்டுக்குத் தந்தியடிக்கிறது. எலி சாப்பிடாமல், அசையாமல் சுருண்டு படுக்கிறது. அந்தக் கம்பியை மட்டும் நீக்கிவிட்டால் தொடக்க நாட்களில் அது சுருண்டு படுப்பதில்லை, பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. காய்ச்சலில் கிடக்கும்போது உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல இருப்பதில் கணிசமான பங்கு, தொண்டையிலிருந்து மூளைக்குப் போன இந்தத் தந்தியுடையதாக இருக்கலாம்.

இன்ஃப்ளூயன்சாவின் மூளை வரலாறு தனியாக எழுத வேண்டியது. சுருக்கமாக இரண்டு சொல்கிறேன். 1917இல் வியன்னாவின் ஃபான் எகானமோ விவரித்த ‘தூக்க மூளைக்காய்ச்சல்’ நோயில் பிழைத்தவர்கள் சிலருக்கு மூச்சின் தாளம் கெட்டு, காரணமில்லாமல் மூச்சிரைத்தது. 1918 ஃப்ளூதான் அதற்குக் காரணம் என்று பல தலைமுறைகள் நம்பின. சேமித்து வைத்திருந்த மூளைத் திசுக்களில் பின்னாளில் தேடியபோது அந்த வைரஸின் மரபணுக்கள் கிடைக்கவில்லை. நோயின் காரணம் இன்றும் திறந்த வழக்கு. அடுத்தது, ஜப்பானின் மிசுகுச்சி 1995இல் அடையாளப்படுத்திய மூளைச் சிதைவு நோய். ஃப்ளூ காய்ச்சல் வந்த ஓரிரு நாளில் குழந்தை நினைவிழக்கும், ஸ்கேனில் மூளையின் இரு பக்கத் தலாமஸும், பல நேரம் மூளைத்தண்டும் வீங்கியிருக்கும். தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தால் வைரஸ் அரிதாகவே கிடைக்கும். சில குடும்பங்களில் இது திரும்பத் திரும்ப வருவதற்கு ரான்பிபி2 மரபணுவின் பிழை காரணம் என்று 2009இல் தெரிந்தது. மறுபடியும் புகையின் வேலைதான்.

விதிவிலக்குகளை மறைத்தால் இந்தக் கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். வியட்நாமில் பறவைக் காய்ச்சலால் 2004இல் இறந்த நான்கு வயதுச் சிறுவனின் தண்டுவட நீரில் எச்5என்1 வைரஸ் உயிரோடு இருந்தது. 1998–99இல் மலேசியாவிலும் 2018இல் நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டிலும் ஆட்களைக் கொன்ற நிபா வைரஸ், நுரையீரல், மூளை இரண்டையும் நேராகவே தாக்குகிறது. மலேசிய நோயாளிகளிடம் மூளைத்தண்டு கெட்டதற்கான அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்தன. போலியோவின் சுவாசப் பங்காளி என்று சொல்லத்தக்க என்டெரோவைரஸ் டி68, 1962இல் கலிஃபோர்னியாவில் கண்டறியப்பட்டு நீண்ட காலம் சளி வைரஸாகவே கருதப்பட்டது. 2014இல் அமெரிக்காவில் அது பரவியபோது, சளி பிடித்த குழந்தைகள் சிலருக்குக் கைகால் துவண்டது, சிலருக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது. 1998இல் தைவானில் 78 பேர் இறந்த கை-கால்-வாய் நோய் அலையில் என்டெரோவைரஸ் 71 மூளைத்தண்டைத் தாக்க, அதன் எதிரொலியாக நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. நுரையீரல் நோய் போலத் தெரிந்தது, நோயோ மூளையில்.

ஆகவே ‘சுவாச வைரஸ் மூளைக்குப் போகுமா?’ என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வைரஸ், எந்த வயது, உணரும் இடம், கம்பி, மையம் என்ற மூன்றில் எது என்று பிரித்துக் கேட்க வேண்டும். இந்தப் பிரிவினை சிகிச்சையையும் மாற்றும். வைரஸ் உள்ளே இருந்தால் வைரஸ் எதிர்ப்பு மருந்து மூளைக்குள் போயாக வேண்டும். புகைதான் காரணம் என்றால் அழற்சியைத் தணிப்பதும், மூச்சு நிற்கும் சில நாட்களுக்குத் துணை கொடுப்பதும் போதும்.

கோவிட் முடிந்து மாதக்கணக்கில் மூச்சிரைப்பு என்று வந்தவர்களின் நிலை என்ன? நெஞ்சு ஸ்கேன் சுத்தம், ஆக்சிஜன் 98, ஆனால் மாடி ஏற முடியவில்லை. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். 2024 அக்டோபரில் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 7 டெஸ்லா திறன் கொண்ட எம்ஆர்ஐயில், தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில் கோவிட்டால் மருத்துவமனையில் இருந்த 30 பேரின் மூளைத்தண்டைப் பார்த்தார்கள். முகுளம் உள்ளிட்ட பல இடங்களில் அழற்சியை ஒத்த மாற்றங்கள் இருந்தன. மூச்சிரைப்பும் களைப்பும் அதிகம் சொன்னவர்களிடம் அவை அதிகம். சிறிய ஆய்வுதான், காரண காரியத்தை நிறுவவில்லை. இருந்தாலும் ‘மனப்பிரமை’ என்ற சொல்லை மருத்துவர்கள் இனி யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வீட்டில் மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குச் சளி பிடித்திருந்தால், தூங்கும்போது சட்டையை விலக்கி நெஞ்சையும் வயிற்றையும் ஒரு நிமிடம் பாருங்கள். மூச்சு விட்டுவிட்டு நின்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் தொற்று இருந்தால், ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்ற அவர்களின் பேச்சை மட்டும் நம்பாமல், ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். 24ஐத் தாண்டினால், கருவி என்ன காட்டினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.